நாங்கள் எப்போது சம்மதித்தோம்? பூர்வகுடிகளின் காலனிய எதிர்ப்பு அரசியல்: ஓர் எளிய விளக்கம்

காலனி ஆதிக்கத்தைப் பூர்வகுடிகள் எதிர்த்தார்கள் என்றதும் நம் மனத்தில் வருவது போர்க்களம். வில், அம்பு, குதிரை, கடைசியில் பீரங்கிக்கு முன் தோல்வி. பாடப்புத்தகமும் சினிமாவும் அப்படித்தான் நம்மைப் பழக்கியிருக்கின்றன. அந்தப் போர்கள் நடந்தவைதான். ஆனால் போர் ஓய்ந்த இடத்தில் எதிர்ப்பும் ஓய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டால் வரலாற்றின் பெரும்பகுதி விட்டுப்போகும். அவர்கள் மனு எழுதினார்கள், தூது போனார்கள், வழக்குப் போட்டார்கள், பத்திரிகை நடத்தினார்கள், பிடுங்கப்பட்ட நிலத்தில் ஏர் ஓட்டினார்கள், நீட்டிய பணத்தை வாங்க மறுத்தார்கள். இந்த வேலைகளுக்குப் பின்னால் ஒரு தெளிவான அரசியல் வாதம் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் ஹவாய் முதல் நார்வே வரை இன்றைக்கு வரும் செய்திகள் பலவும் விளங்கும்.

சம உரிமை வேறு, இது வேறு

புதிதாகப் படிப்பவர்கள் முதலில் இடறுவது இங்கேதான். சம உரிமைப் போராட்டம் நடத்துபவர், "நானும் இந்த நாட்டுக் குடிமகன், மற்றவர்களுக்கு உள்ளது எனக்கும் வேண்டும்" என்கிறார். பூர்வகுடித் தலைவர் கேட்பது அதற்கும் முந்தைய கேள்வி: "எங்களை ஆள எங்கள் சம்மதத்தை எப்போது வாங்கினீர்கள்?" ஒரு வீட்டில் சமபங்கு கேட்பதற்கும், உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டவரிடம் யாரைக் கேட்டு வந்தீர்கள் என்று கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. இரண்டு கோரிக்கைகளும் ஒரே மேடையில் சேர்ந்து ஒலித்த காலங்கள் உண்டு. ஆனால் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை அடைத்துவிட முடியாது.

இதற்கு நல்ல சான்று 1924. அந்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் பூர்வகுடிகள் அனைவருக்கும் குடியுரிமை வழங்கிச் சட்டம் இயற்றியது. பார்ப்பதற்குப் பெரிய சலுகை. நியூயார்க் மாநிலத்திலும் கனடாவிலுமாக வாழும் ஹோடெனொஷோனி கூட்டமைப்பினர் (வெள்ளையர்கள் இரோகுவா என்று அழைத்தவர்கள்) அதை ஏற்க மறுத்தார்கள். தங்களுக்கென ஒரு தேசம் இருக்கிறது, வேறொரு தேசம் தங்கள்மேல் குடியுரிமையைத் திணிக்க முடியாது என்பது அவர்கள் நிலை. இன்றும் அவர்கள் சொந்தக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார்கள். 2010இல் அவர்களுடைய லக்ரோஸ் அணி உலகப் போட்டிக்காக இங்கிலாந்து போக வேண்டியிருந்தது. அந்தக் கடவுச்சீட்டை பிரிட்டன் ஏற்க மறுத்தது. அமெரிக்கக் கடவுச்சீட்டில் போயிருந்தால் சிக்கலே இல்லை. அவர்கள் போட்டியை இழந்தார்கள், நிலையை விடவில்லை. லக்ரோஸ் அவர்களுடைய முன்னோர் உருவாக்கிய விளையாட்டு என்பதையும் சேர்த்து நினைத்தால் அந்த முடிவின் கனம் தெரியும்.

யார் பூர்வகுடி என்பதற்கு ஐ.நா. இறுக்கமான வரையறை எதையும் வைக்கவில்லை. குடியேற்றத்துக்கு முன்பிருந்தே ஒரு நிலத்தோடு தொடர்ச்சியான உறவு, தனித்த சமூக அமைப்பு, அரசியலில் விளிம்புக்குத் தள்ளப்பட்ட நிலை, எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மக்களே தங்களை அப்படி உணர்வது ஆகியவற்றை அளவுகோலாகக் கொள்கிறார்கள்.

நிலம் கைமாறிய வழி

எதிர்ப்பைப் புரிந்துகொள்ள, எதை எதிர்த்தார்கள் என்று தெரிய வேண்டும். துப்பாக்கி ஒரு பகுதிதான். நிலைத்த வேலையைச் செய்தது சட்டம்.

1493இல் போப் ஆறாம் அலெக்சாண்டர், கிறித்தவ அரசர் எவருடைய ஆட்சியிலும் இல்லாத புதிய நிலங்களை ஸ்பெயினுக்கு வழங்கி ஆணை எழுதினார். கண்டுபிடித்தவனுக்கே நிலம் என்ற இந்தக் கோட்பாட்டை 1823இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உள்நாட்டுச் சட்டமாகவே ஆக்கிக்கொண்டது. பூர்வகுடிகளுக்கு நிலத்தில் இருந்து அனுபவிக்கும் உரிமை உண்டு, அதை அமெரிக்க அரசுக்குத் தவிர வேறு எவருக்கும் விற்க முடியாது என்றது அந்தத் தீர்ப்பு. ஒரே ஒருவர் மட்டுமே வாங்க முடியும் என்றால் விலையை யார் நிர்ணயிப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வத்திக்கான் இந்தக் கோட்பாட்டை முறையாகக் கைவிட்டது 2023 மார்ச் 30 அன்று. அமெரிக்கத் தீர்ப்பு இன்னும் ரத்தாகவில்லை.

ஆஸ்திரேலியாவில் அந்த அளவு கூட இல்லை. அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று வைத்துக்கொண்டே பிரிட்டன் குடியேறியது. எந்த மக்களோடும் அரசு ஒப்பந்தம் போடவில்லை.

அடுத்த கருவி, கூறுபோடுதல். அமெரிக்காவில் 1887இல் வந்த டாவ்ஸ் சட்டம் பழங்குடிகளின் பொது நிலத்தைத் தனிப்பட்டாவாகப் பிரித்தது. குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர், 18 வயது கடந்த தனி ஆளுக்கு 80, சிறுவருக்கு 40. பிரித்தது போக மீந்தது "உபரி" என்று குடியேறிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. 1887இல் சுமார் 13.8 கோடி ஏக்கராக இருந்த பழங்குடி நிலம் 1934இல் 4.8 கோடி ஏக்கராகச் சுருங்கியது. இந்த 47 ஆண்டுகளில் பெரிய போர் எதுவும் நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஊர்ப்பொதுவாக இருக்கும் நிலத்தை விற்க எல்லோரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். தனிப்பட்டாவுக்கு ஒருவரின் கடனும் வரிப்பாக்கியும் போதும். பொது நிலத்தைப் பிரிக்காதே என்று பூர்வகுடிகள் இன்றும் பிடிவாதமாக நிற்பதற்கு இந்த அனுபவமே காரணம்.

ஒப்பந்தம்: இருபக்கமும் வெட்டும் கத்தி

ஒப்பந்தங்களைப் போட்டு ஏமாற்றினார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். ஏமாற்று நடந்தது உண்மை. ஆனால் தேசங்களுக்கு இடையில்தான் ஒப்பந்தம் போட முடியும். ஆகவே கையெழுத்துப் போட்ட கணத்தில், எதிரே இருப்பது ஒரு தேசம் என்பதைக் காலனி அரசே ஒப்புக்கொண்டுவிடுகிறது. அதனால்தான் மீறப்பட்ட ஒப்பந்தங்களைப் பூர்வகுடிகள் கிழித்துப் போடாமல் பத்திரப்படுத்தினார்கள். தலைமுறை தலைமுறையாக அவற்றையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

நியூசிலாந்தில் 1840 பிப்ரவரி 6 அன்று கையெழுத்தான வைதாங்கி உடன்படிக்கையில் 500க்கும் மேற்பட்ட மாவோரித் தலைவர்கள் ஒப்பமிட்டார்கள். மிகப் பெரும்பாலோர் ஒப்பமிட்டது மாவோரி மொழிப் பிரதியில். ஆங்கிலப் பிரதி, இறையாண்மை முழுவதையும் பிரிட்டிஷ் அரசிக்கு ஒப்படைத்ததாகச் சொல்கிறது. மாவோரிப் பிரதியில் இருப்பது, நிர்வாகம் நடத்தும் அதிகாரம் மட்டும் அரசிக்கு. நிலம், ஊர், செல்வம் ஆகியவற்றின்மேல் தலைவர்களின் ஆளுகை அப்படியே தொடரும் என்பது. அந்நாட்டு அரசியலில் இன்றுவரை ஓயாத தகராறு இந்த இடைவெளியிலிருந்து எழுவதே. 1975இல் அமைந்த வைதாங்கித் தீர்ப்பாயம் முதலில் அந்த ஆண்டுக்குப் பிந்தைய மீறல்களை மட்டுமே விசாரிக்க முடிந்தது. 1985இல்தான் 1840 வரை பின்னோக்கிப் போக அதற்கு அதிகாரம் கிடைத்தது. உண்மையான வேலை தொடங்கியது அதன் பிறகே.

அமெரிக்காவின் பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதி இன்னொரு வகை. 1868 லாரமி கோட்டை ஒப்பந்தம் அதை லக்கோட்டா உள்ளிட்ட சூ மக்களுக்கு விட்டுக்கொடுத்தது. அதன் 12ஆம் பிரிவு, இனி ஒரு துண்டு நிலத்தைக் கொடுப்பதென்றாலும் வயதுவந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் கையெழுத்திட வேண்டும் என்றது. 1874இல் அங்கே தங்கம் இருப்பது தெரியவந்தது. 1876இல் அரசு ஒரு புதுப் பத்திரத்தை நீட்டியது. அதில் கையெழுத்திட்டவர்கள் சுமார் பத்தில் ஒரு பங்கினர். அதையே போதுமென்று வைத்துக்கொண்டு 1877இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி மலையை எடுத்துக்கொண்டது. அரசின்மேல் வழக்குப் போடுவதற்கே தனிச் சட்டம் தேவைப்பட்டது. அது 1920இல் கிடைத்து, 1923இல் வழக்குத் தாக்கலாகி, 1980இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பறித்தது தவறு, அன்றைய மதிப்பு 1.71 கோடி டாலர், அதற்கு 1877 முதல் வட்டி: மொத்தம் பத்துக் கோடி டாலருக்கும் மேல். சூ மக்கள் பணத்தைத் தொடவில்லை. வாங்கினால் விற்றதாகிவிடும். அந்தத் தொகை வட்டியோடு வளர்ந்து இப்போது நூறு கோடி டாலரைத் தாண்டி நிற்கிறது. கைக்கு வராத பணம், அமெரிக்காவின் மிக ஏழ்மையான பகுதிகளில் வாழும் மக்களுடையது. ஏழ்மையில் இருப்பவர் இவ்வளவு பெரிய தொகையை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மறுப்பது, நான் அறிந்தவரை, உலகின் மிக வலுவான அரசியல் மறுப்புகளில் ஒன்று.

மனு: ஹவாய், 1897

மனு கொடுப்பது கெஞ்சுவது என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. ஹவாய் மக்கள் அதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பார்த்தால் அந்த எண்ணம் மாறும்.

1893இல் அமெரிக்கக் கடற்படை வீரர்களின் துணையோடு சில வணிகர்களும் தோட்ட முதலாளிகளும் அரசி லிலியுகலானியை ஆட்சியிலிருந்து இறக்கினார்கள். 1897இல் தீவுகளை அமெரிக்காவுடன் இணைக்கும் ஒப்பந்தம் செனட் சபைக்குப் போனது. அங்கே மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஹவாய்த் தலைவர்கள் குறிவைத்தது அந்த எண்ணிக்கையை. ஹுயி அலோஹா ஆயினா என்ற தேசபக்த சங்கமும் அதன் பெண்கள் பிரிவும் தீவு தீவாகப் போய்க் கையெழுத்து வாங்கின. மனு வாசகம் ஹவாய் மொழியிலும் ஆங்கிலத்திலும் அச்சாகியிருந்தது. ஆண்களுக்குத் தனித்தாள், பெண்களுக்குத் தனித்தாள். சில மாதங்களில் 556 பக்கங்களில் 21,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. அப்போது ஹவாய்ப் பூர்வகுடிகளின் மொத்தத் தொகையே ஏறத்தாழ 40,000.

இன்னொரு சங்கம், முடியாட்சியை மீட்கக் கோரி சுமார் 17,000 கையெழுத்து திரட்டி வைத்திருந்தது. வாஷிங்டன் போன தூதுக்குழுவினர் இரண்டையும் கொடுக்கவில்லை. ஒன்றில் இணைப்பு வேண்டாம் என்றும் மற்றதில் அரசி வேண்டும் என்றும் இருந்தால், எதிராளி அந்தக் கீறலில் ஆப்பு வைப்பான். இணைப்பு எதிர்ப்பு மனுவை மட்டும் டிசம்பரில் செனட்டில் சேர்த்தார்கள். உறுப்பினர்களை ஒவ்வொருவராகச் சந்தித்துப் பேசினார்கள். தேவையான வாக்குகள் சேரவில்லை, ஒப்பந்தம் விழுந்தது.

அடுத்து நடந்ததுதான் கசப்பு. 1898இல் ஸ்பெயினோடு போர் மூண்டது. பசிபிக்கில் கப்பல் தளம் வேண்டும் என்ற அவசரத்தில், ஒப்பந்த வழியையே கைவிட்டு, சாதாரணப் பெரும்பான்மை போதுமான கூட்டுத் தீர்மானமாக இணைப்பை நிறைவேற்றிக்கொண்டார்கள். விதிப்படி தோற்றதும் விதியை மாற்றினார்கள். ஆனாலும் அந்த 556 பக்கங்கள் வீணாகவில்லை. ஹவாய் மக்கள் எதிர்ப்பில்லாமல் இணைந்தார்கள் என்று சொல்லப்பட்டு வந்த வரலாற்றை, 1990களில் ஆவணக் காப்பகத்திலிருந்து மீண்டும் வெளிவந்த அந்தத் தாள்களே மறுத்தன. தங்கள் கொள்ளுப்பாட்டியின் பெயரை அதில் தேடிக் கண்டுபிடிக்கும் குடும்பங்கள் இன்றும் அங்கே உண்டு.

ஏர் ஓட்டியவர்கள்: பரிஹாக்கா

நியூசிலாந்தின் தாரனாக்கிப் பகுதியில் 1860களின் போருக்குப் பின் அரசு பெரும் பரப்பைப் பறிமுதல் செய்தது. பரிஹாக்கா என்ற ஊரில் தெ விட்டி, தோஹு என்ற இரு தலைவர்கள் ஆயுதத்தைத் தொடுவதில்லை என்ற உறுதியோடு மக்களைச் சேர்த்தார்கள். 1879 மார்ச்சில், நிலம் அளக்க வந்த சர்வேயர்களை அடிக்காமல் உதைக்காமல் சாமான்களோடு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். மே மாதம் குடியேறிகளின் கைக்குப் போயிருந்த நிலங்களில் ஏர் பூட்டி உழத் தொடங்கினார்கள். உழுதவர்களைக் கைது செய்தால் மறுநாள் அடுத்த அணி ஏரோடு வரும். முதலில் கைதாகப் போனவர்கள் மரியாதையில் உயர்ந்த தலைவர்கள். மறு ஆண்டு, சாலை போடுவதற்காகப் படையினர் பயிர் வேலியை உடைத்தபோது, உடைத்த வேலியைத் திரும்பத் திரும்பக் கட்டினார்கள்.

அரசுக்கு இது பெரிய தலைவலி. உழுததற்கு எந்தக் குற்றப்பிரிவைப் போடுவது? நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால் பறிமுதலே செல்லுமா என்ற கேள்வி எழும். அதனால் விசாரணை இல்லாமலே அடைத்துவைக்கச் சிறப்புச் சட்டங்கள் இயற்றினார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் தென் தீவின் சிறைகளில் கடும் உழைப்புக்கு அனுப்பப்பட்டார்கள். 1881 நவம்பர் 5 அன்று சுமார் 1,600 ஆயுதப் படையினர் ஊரைச் சூழ்ந்தார்கள். எதிரே வந்தது பாடி ஆடும் சிறுவர் கூட்டமும், சுட்ட ரொட்டியும். பின்னால் 2,000 பேருக்கு மேல் திடலில் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். இரு தலைவர்களும் கைதாகி 16 மாதம் விசாரணையின்றி வைக்கப்பட்டார்கள். மக்கள் விரட்டப்பட்டு, வீடுகள் இடிக்கப்பட்டன. அரசு முறையாக மன்னிப்புக் கேட்டது 2017இல்.

அறவழிப் போராட்டம் என்று இதைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதன் சட்ட நுணுக்கத்தையும் பார்க்க வேண்டும். நிலத்துக்குச் சொந்தக்காரன்தான் உழுவான். அவர்கள் உழுததே ஒரு வாதம். அதற்குப் பதில் சொல்ல முடியாமல் அரசு தன் சொந்தச் சட்டநெறியை மீற வேண்டியதாயிற்று.

நீதிமன்றம் தரும் வலி

காலனியின் நீதிமன்றத்தில் காலனியை எதிர்த்து வழக்காடுவதில் அடிப்படையிலேயே ஒரு முரண் உண்டு. அங்கே போனாலே அதன் அதிகாரத்தை ஏற்றதாகிவிடும் என்று சில சமூகங்கள் போவதேயில்லை. போனவர்கள் பெற்ற அனுபவம் பலவிதம்.

அமெரிக்காவின் செரோக்கி மக்கள் 1827இல் எழுத்து வடிவில் அரசியல் சாசனம் இயற்றினார்கள், 1828இல் சொந்த எழுத்தில் பத்திரிகை தொடங்கினார்கள். "நாகரிகம் அடைந்தால் விட்டுவிடுவோம்" என்று சொன்னவர்களின் நிபந்தனை எல்லாவற்றையும் நிறைவேற்றினார்கள். 1832இல், ஜார்ஜியா மாநிலச் சட்டம் செரோக்கி நிலத்தில் செல்லாது என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. தீர்ப்பை நிறைவேற்ற ஆளில்லை. 1835 இறுதியில், தேசிய சபையின் அதிகாரம் இல்லாத ஒரு சிறு குழுவிடம் நிலத்தை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் அரசு கையெழுத்து வாங்கியது. முதன்மைத் தலைவர் ஜான் ராஸ் 15,000க்கும் மேற்பட்டோரின் எதிர்ப்பு மனுவைக் கொண்டுபோனார். செனட்டில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் ஒப்பந்தம் நிறைவேறியது. 1838-39இல் சுமார் 16,000 பேர் மேற்கே விரட்டப்பட்டார்கள். ஏறத்தாழ 4,000 பேர் செத்தார்கள். கையெழுத்துப் போட யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதை அரசே முடிவு செய்யும் இந்தத் தந்திரம் பின்னாளிலும் உலகம் முழுக்க ஓயவில்லை.

தோற்ற வழக்கு வெற்றியாகவும் முடியும். கனடாவின் நிஸ்கா மக்கள் 1973இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் பூர்வகுடி நில உரிமை என்று ஒன்று சட்டத்தில் உண்டு என ஒப்புக்கொண்டார்கள். அது அழிந்துவிட்டதா என்பதில் மூன்றுக்கு மூன்று. ஏழாமவர் வழக்குத் தொடர முன் அனுமதி பெறவில்லை என்ற காரணத்தைச் சொல்லித் தள்ளினார். தள்ளுபடிதான். ஆனால் ஆறு பேர் சொன்னது அரசை ஆட்டிவிட்டது. அதே ஆண்டு நில உரிமைகளைப் பேசித் தீர்க்க முன்வந்தது. நிஸ்கா ஒப்பந்தம் 2000 மே மாதம் நடைமுறைக்கு வந்தது.

ஆஸ்திரேலியாவில் யோல்ங்கு மக்கள் 1963இல், தங்கள் நிலத்தில் பாக்சைட் சுரங்கம் வருவதை எதிர்த்து மரப்பட்டையில் ஒட்டிய மனுவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். நடுவில் அவர்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சான வாசகம். சுற்றிலும் தங்கள் நிலத்தின் மேலுள்ள உரிமையைக் காட்டும் குல ஓவியங்கள். அவர்களுடைய ஆவணமும் அரசின் ஆவணமும் ஒரே பலகையில். சுரங்கம் நிற்கவில்லை, 1971இல் வழக்கும் தோற்றது. டோரஸ் நீரிணைத் தீவான மெர்ரைச் சேர்ந்த எடி மாபோவும் உடன் சிலரும் 1982இல் தொடுத்த வழக்கில், 1992 ஜூன் 3 அன்று, யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற கதையை உயர் நீதிமன்றம் (அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம்) 6-1 என்று உடைத்தது. மாபோ அந்த ஆண்டு ஜனவரியிலேயே காலமாகியிருந்தார்.

வென்ற பின்னும் ஒரு பொறி காத்திருந்தது. நில உரிமை பெற, குடியேற்றத்துக்கு முந்தைய வழக்கங்கள் அறுபடாமல் தொடர்வதை நிரூபிக்க வேண்டும். மண்ணிலிருந்து விரட்டப்பட்டவர் மண்ணோடு அறாத தொடர்பை எப்படிக் காட்டுவார்? யோர்ட்டா யோர்ட்டா மக்களின் வழக்கில் நடந்தது இதுதான். அவர்கள் முன்னோர் 1881இல் நிலம் கேட்டுக் கொடுத்த ஒரு மனுவில், தங்கள் நிலமெல்லாம் பறிபோய்விட்டதை எழுதியிருந்தார்கள். பழைய வாழ்க்கை அறுந்துவிட்டது என்பதற்கு அந்த மனுவையே நீதிபதி ஆதாரமாக்கினார். 2002இல் உயர் நீதிமன்றமும் முறையீட்டைத் தள்ளியது. எதிர்ப்பின் சாட்சி எதிர்ப்பாளருக்கே எதிராகத் திரும்பியது.

சாட்சியம் என்றால் என்ன என்பதும் ஒரு போராட்டக்களமே. கனடாவின் கிட்சான், வெட்சுவெட்டன் மக்களின் வழக்கில் ஒரு மூதாட்டி தன் குலத்தின் நில வரலாற்றைப் பாட்டாகச் சாட்சி சொல்ல முன்வந்தபோது, தனக்குப் பாட்டுக் கேட்கும் காதில்லை என்று நீதிபதி சலித்துக்கொண்டார். 1997இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது: வாய்மொழி வரலாற்றையும் ஆவணத்துக்கு இணையாக வைத்து எடைபோட வேண்டும் என்றது.

அரசுகள் செய்த பதில் வேலை

1923இல் ஹோடெனொஷோனித் தலைவர்களில் ஒருவரான டெஸ்காஹே, சொந்தக் கடவுச்சீட்டோடு ஜெனீவா போய், கனடாவின் தலையீட்டைப் பற்றி உலக நாடுகள் சங்கத்தில் (ஐ.நா.வுக்கு முன்னோடி) முறையிட முயன்றார். சில சிறு நாடுகள் ஆதரித்தன. பிரிட்டன் முட்டுக்கட்டை போட்டது. அவர் ஐரோப்பாவில் இருந்தபோதே, 1924இல், அவருடைய மக்களின் மரபுவழிச் சபையைக் கனடா கலைத்துவிட்டு, தான் வகுத்த விதிப்படி தேர்தல் சபை ஒன்றை அமைத்தது. பேச வந்தவரின் காலடி நிலத்தையே உருவுவது அது. 1927இல் இன்னொரு படி: நிலக் கோரிக்கைக்காக அரசின் அனுமதியின்றி நிதி திரட்டுவது குற்றமாக்கப்பட்டது. 1951 வரை அந்தத் தடை இருந்தது. கால் நூற்றாண்டுக் காலம் வக்கீலுக்குப் பணம் கொடுக்க வழியில்லாமல் செய்துவிட்டு, நீங்கள் ஏன் அப்போதே வழக்குப் போடவில்லை என்று பிறகு கேட்கப்பட்டது.

உலக அரங்கில் இன்னொரு கதவும் மூடியது. 1960இல் ஐ.நா. காலனிகளின் விடுதலையை அறிவித்தபோது, ஆளும் நாட்டிலிருந்து புவியியல் வகையில் பிரிந்து கிடக்கும் நிலமே காலனி என்று கொள்ளப்பட்டது. நடுவில் கடல் இருந்தால் காலனி. குடியேறிகள் அங்கேயே தங்கி அரசமைத்துவிட்டால் உள்நாட்டு விவகாரம். இதனால் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் பூர்வகுடிகள் கணக்கில் வரவேயில்லை. 1977இல் ஜெனீவாவில் கூடியவர்கள் தொடங்கிய முயற்சி முப்பது ஆண்டு நடந்து, 2007 செப்டம்பர் 13 அன்று பூர்வகுடிகளின் உரிமைப் பிரகடனமாக முடிந்தது. ஆதரவு 144, எதிர்ப்பு 4. எதிர்த்த நான்கும் ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, அமெரிக்கா. பின்னர் நான்கும் நிலையை மாற்றிக்கொண்டன. இந்தியா ஆதரித்து வாக்களித்தது, ஆனால் இந்தியர் அனைவருமே பூர்வகுடிகள் என்ற நிலைப்பாட்டோடு. அப்படிச் சொல்லும்போது ஆதிவாசிகளின் தனிக் கோரிக்கைக்கு அந்தப் பிரகடனத்தில் இடமில்லாமல் போகிறது.

இந்தியாவில் எதிர்ப்பு சட்டமாக மாறிய வழியும் தனியானது. 1855 ஜூன் 30 அன்று சித்து, கான்ஹு தலைமையில் எழுந்த சந்தால் கிளர்ச்சிக்குப் பின் சந்தால் பர்கானா தனி மாவட்டமானது. முண்டா மக்களின் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய பிர்சா முண்டா 1900இல் ராஞ்சி சிறையில் இறந்தார். 1908இல் ஆதிவாசி நிலம் பிறருக்குக் கைமாறுவதைக் கட்டுப்படுத்தும் சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம் வந்தது. ஒடிசாவின் நியாம்கிரி மலையில் சம்மதம் என்ற சொல் நடைமுறையிலேயே சோதிக்கப்பட்டது: 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சுரங்கம் பற்றிக் கிராம சபைகளே ஆராயட்டும் என்றது. டோங்ரியா கோந்த் உள்ளிட்ட மக்கள் வாழும் 12 சிற்றூர்களில் சபை கூடியது. பன்னிரண்டும் மறுத்தன.

செய்தியைப் படிக்கும்போது

இனி இப்படிப்பட்ட செய்தி கண்ணில் பட்டால் முதலில் பார்க்க வேண்டியது, "கலந்தாலோசனை" நடந்ததா "சம்மதம்" பெறப்பட்டதா என்பதை. கலந்தாலோசனையில் வேண்டாம் என்று சொன்னாலும் திட்டம் நடக்கும். சம்மதம் என்றால் மறுக்க முடிய வேண்டும், அதுவும் வேலை தொடங்கும் முன்பே, மிரட்டல் இல்லாமல், முழுத் தகவலோடு. அடுத்து, கையெழுத்திட்டவர் யார், அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது மக்களா அரசா? இழப்பீட்டுத் தொகையை மட்டும் தலைப்பில் போட்டிருந்தால், பதிலுக்கு எந்த உரிமையை என்றென்றைக்குமாக விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள் என்று உள்ளே தேடுங்கள்.

தீர்ப்பு வந்துவிட்டது என்றால், நிறைவேறியதா என்று பாருங்கள். நார்வேயின் ஃபோசன் தீபகற்பத்தில், வட ஐரோப்பாவின் பூர்வகுடிகளான சாமி மக்களின் கலைமான் மேய்ச்சல் நிலத்தில் 151 காற்றாலைகள் நிற்கின்றன. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த அனுமதிகள் செல்லாது என்றது. 500 நாள் கழித்தும் காற்றாலைகள் ஓடிக்கொண்டே இருந்ததால், 2023 பிப்ரவரியில் சாமி இளைஞர்கள் ஆஸ்லோவில் அமைச்சக அலுவலகத்துக்குள் உட்கார்ந்தார்கள். அரசு மன்னிப்புக் கேட்டது. 2023 டிசம்பரிலும் 2024 மார்ச்சிலும் மேய்ப்பர் குழுக்களோடு உடன்பாடுகள் ஏற்பட்டன. காற்றாலைகள் அகற்றப்படவில்லை.